கடலில் முதல் கால்

மதுரைப் பக்கத்து ஆட்களுக்குக் கடல் ஒன்றும் தூரமில்லை. விடியக் கிளம்பினால் மத்தியானச் சோற்றுக்குள் ராமேஸ்வரம் போய்விடலாம். ஆனாலும் சும்மா யாரும் போகமாட்டார்கள். திருச்செந்தூருக்கு முடியிறக்கப் போவார்கள், ராமேஸ்வரத்துக்குத் திதி கொடுக்கப் போவார்கள். போன இடத்தில் கடல் இருக்கும். முங்கி எழுந்து, துணியைப் பிழிந்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று திரும்பிவிடுவார்கள். மணலில் உட்கார்ந்து அலையை வேடிக்கை பார்க்கவென்றே வண்டி பிடித்துப் போவதெல்லாம் இப்போது வந்த பழக்கம். அப்படிப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய்த்தான் முத்துப்பாண்டி பிழைத்தான்.

ஒத்தக்கடை வேன் ஸ்டாண்டில் அவனுக்கு நல்ல பேர். குழந்தை குட்டியோடு போகிற குடும்பம் என்றால், "முத்துப்பாண்டி அண்ணே வண்டியக் கூப்புடு" என்பார்கள். அலை அடிக்காத இடம், ஆழம் இல்லாத இடம், துணி மாற்ற மறைவான இடம் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்தால் திங்கட்கிழமை காலையில் அவன் பெண்டாட்டி பாண்டீஸ்வரி வேனைக் கூட்டுவாள். சீட்டுக்கு அடியிலிருந்து கடல் மணல் முறத்தில் அள்ளுகிற அளவுக்கு வரும். "ஊரான் பிள்ளைகளுக்குக் கடலு, நமக்கு மண்ணு" என்பாள். "அடுத்த லீவுக்கு நம்மதேன். வண்டியில வேற ஒரு பயலையும் ஏத்த மாட்டேன், பாத்துக்க" என்பான் அவன். ஒவ்வொரு லீவுக்கும் யாராவது முன்னாலேயே வண்டியைச் சொல்லி வைத்திருப்பார்கள். போன ஐப்பசியில் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். ஆஸ்பத்திரி வாசலைக்கூடப் பார்க்கவில்லை. முப்பத்தாறு வயசு. என்னத்தைச் சொல்ல!

வேனை இப்போது அவன் தம்பி செல்வக்குமார் ஓட்டுகிறான். பாண்டீஸ்வரி மாவு ஆட்டுகிறாள். பத்துக்குப் பன்னிரண்டு வாடகை வீட்டில் ஒரு பக்கம் பூராவும் கிரைண்டரும் அரிசி ஊறுகிற அண்டாக்களும்தான். விடியக் கருக்கலில் உளுந்தைப் போட்டுவிட்டு, அது பொங்கி வரவரத் தண்ணீர் தெளித்துக்கொண்டே பிள்ளைகளை எழுப்புவாள். பிறகு அரிசி. பிறகு உப்புப் போட்டுக் கையால் கரைத்து, பாக்கெட் போட்டு, ரப்பர் பேண்ட் மாட்டி, மேலூர் ரோட்டுக் கடைகளுக்குக் கொண்டு போய்க் கொடுக்கவேண்டும். தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி இருக்கும். உட்கார்ந்து அழ நேரம் இல்லாததும் ஒரு வகைக்கு நல்லதுதான் என்று நினைத்துக்கொள்வாள்.

அவளுடைய கவலை மாவில் இல்லை. மகன் மருதுவில் இருந்தது.

அவனுக்கு ஏழு வயசு. அப்பனுக்குக் கொள்ளி வைத்தபோது ஆறு. மொட்டை அடித்து, இடுப்பில் ஈர வேட்டியைச் சுற்றி, சித்தப்பன் தோளில் வைத்துக்கொண்டு போனார்கள். போகிறவன் வருகிறவன் எல்லாம், "இனி நீதான்டா வீட்டுக்கு ஆம்பள, ஆத்தாளையும் தங்கச்சியையும் பாத்துக்கிறணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். சொன்னவர்கள் எல்லாம் கறிச்சோறு தின்றுவிட்டு மறந்துபோனார்கள். பிள்ளை மறக்கவில்லை. அன்றிலிருந்து அவன் விளையாடவே இல்லை. பள்ளிக்கூட மைதானத்தில் ஓரமாக நிற்கிறான் என்று டீச்சர் சொன்னாள். படுக்கப் போகும்போது, "கேஸை மூடிட்டியாம்மா?" என்பான். தாழ்ப்பாளை ஒருதரம் இழுத்துப் பார்ப்பான். தீபாவளியன்று நாலு வயசுத் தங்கச்சி ரோகிணி மத்தாப்புக் கேட்டு அழுதபோது, "நமக்கு இந்த வருசம் கெடையாது பாப்பா, சும்மா இரு" என்று கிழவன் குரலில் சொன்னான். அக்கம்பக்கத்தில் அதைச் சொல்லிச் சொல்லி மெச்சினார்கள். "என்னா பொறுப்பு, என்னா பொறுப்பு!" பாண்டீஸ்வரிக்கு அது பிடிக்கவில்லை. என் பிள்ளைக்குப் பொறுப்பு எதற்கு? முழங்காலில் சிராய்ப்பு இருந்தால் போதாதா?

காலாண்டுப் பரீட்சை லீவு வந்தது. அவள் கொழுந்தனிடம் சொன்னாள்.

"தம்பி, இந்த லீவுல ஒரு நா பிள்ளைகள அரியமான் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போவோமா? ஒங்கண்ணன் சொல்லிச் சொல்லியே போயிட்டாரு."

செல்வக்குமார் வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றான். "எனக்கென்ன மதினி, நாளைக்கேன்னாலும் நான் ரெடி. ஐப்பசி மழ புடிச்சிட்டாக் கடலு கலங்கிரும், போனா இப்பவே போகணும். ஆனா அப்பாவ நெனச்சாத்தேன்."

"மாமாட்ட நான் பேசுறேன்."

"பேசுங்க. நான் அந்நேரம் வீட்டுல இருக்க மாட்டேன்" என்றான்.

செவ்வாய்க்கிழமை மாமனார் மலையாண்டி வந்தார். செக்கானூரணிக்கு மேற்கே அரைக் குறுக்க நிலத்தில் கடலையும் கத்தரியும் போட்டிருக்கிறார். பெண்டாட்டி செத்து ஏழெட்டு வருசம் ஆகிறது, ஒற்றையில் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டு காட்டைப் பார்க்கிறார். பச்சைக் கடலை ஒரு பை பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார். பையன் ஓடிவந்து பையை வாங்கவில்லை. நடந்து வந்து வாங்கினான்.

"வாங்க சீயான்" என்றான். அந்தப் பக்கத்தில் அப்பனைப் பெற்ற தாத்தாவைச் சீயான் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வாரேன்டா ராசா. ஏத்தா, வெயிலப் பாத்தியா? புரட்டாசி மாதிரியா இருக்கு? சித்திர கணக்கா உரிக்கிது."

"டீ போடவா மாமா?"

"போடு. சீனி கம்மியா."

டீயைக் குடித்துக்கொண்டே அவர் வந்த காரியத்தைச் சொன்னார். "ஐயர்ட்டச் சொல்லியாச்சுத்தா. ஐப்பசியில திதி வருது. ராமேஸ்வரத்துலயே குடுத்துருவோம். பயலும் வரணும், அவந்தேன் பிண்டம் வைக்கணும். ஒருநா லீவு சொல்லிக்க."

"அதெல்லாம் செய்வோம் மாமா. அதுக்கு முன்னாடி ஒரு விசயம்."

"சொல்லு."

"சனிக்கெழம பிள்ளைகள அரியமானுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். கடலு பாக்க."

மலையாண்டி கிளாசைக் கீழே வைத்தார். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் எழுந்துபோய் அதை நிறுத்தினாள். மருது கடலைச் செடியிலிருந்து காய்களை ஆய்ந்துகொண்டிருந்தான். ரோகிணி அவன் ஆய்ந்ததைத் தின்றுகொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் வெளிய போயி வெளையாடுங்க" என்றாள். ரோகிணி ஓடினாள். அவளைப் பார்த்துக்கொள்ள மருது பின்னாலேயே போனான்.

"ஏத்தா, வருசம் திரும்பாத வீடுத்தா இது" என்றார் மலையாண்டி.

"தெரியும் மாமா. தீபாவளி இல்ல, பொங்கல் இல்ல. அழகர் ஆத்துல எறங்கையில ஊரே அங்கன கெடந்துச்சு, நான் இதுகளக் கதவச் சாத்தி உள்ள வச்சிருந்தேன். ஒரு வார்த்த சொன்னேனா?"

"சொல்லல. நான் இல்லங்கல. இம்புட்டு நாளு பொறுத்தவ இன்னும் கொஞ்ச நாளு பொறுக்க முடியாதா? திதியக் குடுத்துட்டு அங்கனயே பிள்ளைக கடலப் பாத்துக்கிறட்டும். கடலு எல்லாம் ஒரே கடலுதான?"

"அதத்தேன் மாமா வேணாங்கிறேன்."

"எத?"

மாமனாரிடம் இப்படிப் பேசிப் பழக்கமில்லை. முந்தானையால் கையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்தாள்.

"அங்கன போனா மறுக்கா மொட்ட அடிப்பீக. ஈரத்துணியோட நிக்க வச்சு, எள்ளையும் சோத்தையும் கையில குடுத்து, ஒங்கப்பனுக்கு விடுடாம்பீக. அவன் விட்டுருவான். சொன்னதச் செய்யிற பிள்ள. ஆனா அதுக்குப் பெறகு ஆயுசுக்கும் கடலுன்னா அவனுக்கு அதுதேன். முத முதல்ல கடல்ல கால வைக்கையில எம்பிள்ள சிரிக்கணும் மாமா. கத்தணும். மண்ணள்ளித் தலையில போட்டுக்கிறணும். ஒரு நா போதும். அதுக்குப் பெறகு நீங்க எங்கன கூப்பிட்டாலும் அனுப்புறேன்."

மலையாண்டி கையால் தரையைக் கூட்டினார். தரையில் கடலைச் செடியின் மண் கொட்டிக் கிடந்தது.

"ஒனக்கு ஒம்மகன். எனக்கு எம்மகன்த்தா" என்றார். "அவன ஓடுற தண்ணியிலயா விட்டோம்? வைகையில எங்க தண்ணி கெடந்துச்சு? பாலத்துக்குக் கீழ ஆகாயத்தாமரைக்குள்ள, முழங்கால் தண்ணியில கரைச்சோம். சாம்பலு போகவே மாட்டேன்னு அங்கனயே சுத்திச் சுத்தி நிக்கிது. நான் குச்சிய வச்சுத் தள்ளுனேன். பெத்த மகன, குச்சிய வச்சு! அன்னைலருந்து படுத்தா எனக்கு அதுதேன் கண்ணுக்குள்ள நிக்கிது. இந்த வீட்டாளுக கடலுக்குன்னு எடுத்து வைக்கிற முதக் காலு அவனுக்காக வைக்கிற காலா இருக்கணும்த்தா. அவனுக்கு முந்தி, நம்ம போயி சிரிச்சிட்டு வாரதா?"

இரண்டு பேரும் சொன்னது நியாயம். அதுதான் தொல்லை. யாராவது ஒருத்தர் அநியாயம் பேசியிருந்தால் சண்டை போட்டாவது முடித்திருக்கலாம். அவள் அடுப்படிக்குப் போய்ச் சும்மா நின்றாள். அவர் பீடி பற்ற வைக்க வாசலுக்குப் போனார்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த செல்வக்குமார்தான் இழுத்துப் பிடித்து முடித்தான்.

"அப்பா, அண்ணே இருந்தாப் போயிருப்பானா மாட்டானா?"

"இருந்தா ஏன்டா இந்தப் பேச்சு?"

"அதில்லப்பா. பிள்ளைகட்ட அவன் குடுத்த வாக்கு அது. அதுவும் ஒரு கடன் மாதிரிதேன். நீங்களும் வாங்க. எறங்க வேணாம், வண்டியிலயே உக்காருங்க. பயலப் பாத்தீகள்ல, எப்பிடி ஆயிட்டான்னு? நேத்து எங்கிட்ட வந்து, 'சித்தப்பா, வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டியாச்சா'ங்கிறான். ஏழு வயசுப் பய!"

மலையாண்டி பேரனைப் பார்த்தார். அவன் தங்கச்சிக்குச் சோற்றைப் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தான்.

"சரி, வாரேன்" என்றார். "ஆனா ஒண்ணு. அக்கம்பக்கத்துல எவ கேட்டாலும் கடலு பாக்கப் போறோம்னு சொல்லாத. காரியமாப் போறோம், கடல்ல முங்கப் போறோம்னு சொல்லு. புருசன் செத்து வருசம் ஆகல, அதுக்குள்ள இவ பீச்சுக்குப் போறாங்கிற பேச்சு ஒனக்கு வேணாம்த்தா. நான் காட்டுல கெடக்கிறவன், எனக்கு ஒண்ணுமில்ல. நீ நாலு பேருக்கு நடுவுல பொழைக்கிறவ."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு பொய்தானே, சொல்லிவிட்டால் போகிறது என்று நினைத்தாள்.

சாயங்காலமே அந்தப் பொய்க்கு வேலை வந்தது. அடுத்த வீட்டு முத்துமீனா மாவு வாங்க வந்தாள். தெருவில் ஒரு வீட்டில் புதுப் பாய் வாங்கினாலும் என்ன ஏது என்று கேட்காமல் போகமாட்டாள்.

"என்ன பாண்டி, மாமனாரு வந்துருக்காக? விசேசமா?"

"ஒண்ணுமில்லக்கா. சனிக்கெழம கடலுக்குப் போறோம். அவுகளுக்கு ஒரு காரியம் பாக்கியிருக்கு. முங்கிட்டு வரணும்னு மாமா சொல்றாக."

"செய்யத்தான வேணும். வைகையில தண்ணியில்லாம அன்னைக்கு அரைகுறையா முடிச்சாகளே, எனக்கே மனசு கேக்கல. மருதுவும் வாரானா?"

"அவன் இல்லாமயா?"

மருது பக்கத்தில் உட்கார்ந்து மாவுப் பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்ட் மாட்டிக்கொண்டிருந்தான். முத்துமீனா அவன் தலையைத் தடவினாள். "அப்பாவ நெனச்சு நல்லா முங்கணும்டா, எங்க ராசா. நீ விட்டாத்தேன் அவுகளுக்குப் போயிச் சேரும்."

அவன் தலையை ஆட்டினான். அடுத்த பாக்கெட்டை எடுத்தான்.

பாண்டீஸ்வரி அதைக் கவனிக்கவில்லை. அவள் மனசு பூராவும் சனிக்கிழமையில் இருந்தது. கடலுக்குப் போவதென்றால் என்னென்ன எடுத்துப் போகவேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? செல்வக்குமார் ஸ்டாண்டில் நாலு பேரிடம் கேட்டுவந்து சொன்னான். மாற்றுத்துணி ரெண்டு செட் வேண்டும், ஒன்று நனைந்தால் இன்னொன்று. துண்டு. தேங்காயெண்ணெய் தடவிவிட்டால் உப்புத் தண்ணீர் தோலில் எரியாது. குடிக்கிறதுக்கு ஒரு கேன், பிள்ளைகள் மேலைக் கழுவ ஒரு கேன். வெயிலுக்கு முந்திப் போய்ச் சேர்ந்து உச்சிவெயிலில் சவுக்குத் தோப்புக்குள் வந்துவிடவேண்டும். மண்ணள்ளி விளையாட பிளாஸ்டிக் வாளி வேண்டும். வாளிக்குப் பதிலாகக் குளியலறைக் கப்பையும் ஓட்டை விழுந்த டிபன் டப்பாவையும் ரோகிணி எடுத்துவைத்துக்கொண்டாள். வைத்துக்கொண்டதோடு விடவில்லை, அவற்றைப் பக்கத்திலேயே படுக்கப் போட்டுத் தூங்கினாள்.

"கடலுக்குள்ள மீனு கடிக்குமாம்மா?"

"கடிக்காது. நீதேன் அதக் கடிப்ப."

"அப்பா வந்து கூட்டிட்டுப் போறேன்னாருல?"

"சித்தப்பா கூட்டிட்டுப் போறாரு."

வெள்ளிக்கிழமை வழக்கத்தைவிட இரண்டு பங்கு மாவு ஆட்டினாள். வாரக் கடைசியில்தான் மாவு போகும், ஒருநாள் இல்லையென்றால் கடைக்காரன் வேறு ஆளைப் பார்த்துவிடுவான். கொடுத்துவிட்டு வந்து புளியைக் கரைத்து அடுப்பில் ஏற்றினாள். புளிக்காய்ச்சலும் கடலையும் எண்ணெயில் கொதிக்கிற வாசம் தெருமுனை வரைக்கும் போனது. உருளைக்கிழங்கை உப்புப் போட்டு வேகவைத்தாள். புரட்டாசியானதால் முட்டைகூட இல்லை. கிழவர் கொண்டுவந்த கடலையை அவித்து வடித்தாள். ஒரு வருசத்தில் அவள் ஆசைப்பட்டுச் சமைத்தது அன்றைக்குத்தான்.

மருது அடுப்படி நிலையில் வந்து நின்றான்.

"அம்மா, நான் வேட்டி கட்டணுமா?"

"எதுக்குடா? சட்டையும் டவுசரும் போட்டுக்க. நனையத்தான போற."

"சீயானும் வாராருல?"

"ஆமாடா. நீ போயிப் படு, வெள்ளன எந்திரிக்கணும்."

அவன் போனான். போகிற வழியில் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தான்.

சனிக்கிழமை ரிங் ரோட்டைப் பிடித்தபோது கிழக்கே அப்போதுதான் வெளுத்திருந்தது. செல்வக்குமார் வண்டியைக் கழுவி, சந்தனம் வைத்திருந்தான். மலையாண்டி முன் சீட்டில் வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வைகைப் பாலம் வந்ததும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். மருது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான்.

"இங்கனயா சீயான்?"

"இல்லடா. அது மேக்க."

திருப்புவனம் தாண்டி, மானாமதுரை தாண்டி, இருபக்கமும் சீமைக் கருவேலமாகவே போனது. பரமக்குடியில் ஒரு டீ. ரோகிணி நாலு மைலுக்கு ஒருதரம், "கடலு வந்துருச்சா?" என்றாள். "அந்தா தெரியுதுல" என்று செல்வக்குமார் கண்மாயைக் காட்டினான். கண்மாயிலும் தண்ணீர் இல்லை. அவள் நம்பவில்லை. பாண்டீஸ்வரி சிரித்தாள். தன் சிரிப்புச் சத்தம் தனக்கே புதிதாகக் கேட்கவும் வாயைப் பொத்திக்கொண்டாள். "சிரிச்சா என்னத்தா, சிரி" என்றார் மலையாண்டி, திரும்பிப் பார்க்காமல். பையன் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்து வந்தான்.

உச்சிப்புளியில் திரும்பி, சவுக்குத் தோப்பின் ஓரமாக வண்டி நின்றது. இறங்கினால் காலுக்குக் கீழே மணல். மாவு மாதிரி மணல். தோப்பைத் தாண்டியதும் கடல் கிடந்தது, ஆர்ப்பாட்டம் இல்லாமல், பச்சையும் நீலமுமாக. பாண்டீஸ்வரி சின்ன வயசில் திருச்செந்தூரில் ஒருதரம் பார்த்ததுதான். இம்புட்டுத் தண்ணியா என்று ஒரு நிமிஷம் நின்றுவிட்டாள். ஊரில் ஒரு குடத்துக்கு அடித்துக்கொள்கிறோம், இங்கே பார், கேட்பாரில்லாமல் கிடக்கிறது.

ரோகிணி கப்பையும் டப்பாவையும் தூக்கிக்கொண்டு ஓடினாள். செல்வக்குமார் அவள் பின்னால் ஓடினான். முதல் அலை காலில் பட்டதும் அவள் வீறிட்ட வீறில் தோப்பில் இருந்த காக்கையெல்லாம் பறந்தது. பாண்டீஸ்வரி சவுக்கு நிழலில் ஜமுக்காளத்தை விரித்தாள். மாமனார் கடலைப் பார்க்காமல் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

மருது சட்டையைக் கழற்றினான். மடித்தான். செருப்பை இரண்டும் சேர்ந்தாற்போல் வைத்தான். பிறகு அம்மாவிடம் வந்தான்.

"அம்மா, கொஞ்சம் சோறு குடு."

"பசிக்கிதாடா? உக்காரு, தட்டுல வைக்கிறேன்."

"கையில குடு."

தானாகச் சோறு கேட்கிற பிள்ளையா அவன்! அவளுக்குச் சந்தோஷம். கடல் காற்றுக்கே பசி எடுத்துவிட்டது என்று நினைத்தாள். தூக்குவாளியைத் திறந்து கை நிறையப் புளிச்சோற்றை வைத்தாள். "சிந்தாமத் தின்னு. சித்தப்பாவத் தாண்டிப் போயிராத" என்றாள்.

அவன் தின்னவில்லை. இரண்டு கையாலும் உருட்டிக்கொண்டே நடந்தான். தங்கச்சி கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. இடுப்பளவு தண்ணீரில் செல்வக்குமார் பக்கத்தில் போய் நின்றான். மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினான். எழுந்தான். மறுபடியும் முங்கினான். மூன்றாவது தரமும் முங்கி எழுந்து, கையில் இருந்த உருண்டையைத் தண்ணீரில் விட்டான். கையைக் குவித்துக் கும்பிட்டான். செல்வக்குமார் ரோகிணியைத் தூக்கிக்கொண்டு அப்படியே சிலையாக நின்றான்.

பையன் திரும்பி நடந்து வந்தான். நேராகச் சீயானிடம் போய் நின்றான். மொட்டையடித்து வளர்ந்த தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"விட்டுட்டேன் சீயான். உருண்ட ஒடனே போயிருச்சு. குச்சி வேணாம். இங்கன தண்ணி ஓடுது."

மலையாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

அவன் அம்மா பக்கம் திரும்பினான். "முடிஞ்சிருச்சும்மா. வீட்டுக்குப் போவமா?"

பாண்டீஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. வேட்டி கட்டணுமா என்று கேட்டானே. முத்துமீனாவிடம் அவள் சொன்ன பொய்யை இவன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தானே. ஊராருக்குச் சொன்னதைப் பிள்ளை தனக்கு என்று எடுத்துக்கொண்டான். எது நடக்கக் கூடாது என்று மாமனாரோடு மல்லுக்கு நின்றாளோ அதை அவளே தன் கையால் சோறு அள்ளிக் கொடுத்து நடத்தி வைத்துவிட்டாள். "பாவி, பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சத்தமாகத்தான் திட்டினாள். பிள்ளை பயந்துபோய், "சரியாச் செய்யலையா?" என்றான்.

மலையாண்டி அவனை இழுத்து மடியில் உட்காரவைத்தார். வேட்டியெல்லாம் நனைந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை.

"நல்லாச் செஞ்சடா. எவனும் இப்பிடிச் செய்ய மாட்டான். ஒங்கப்பன் போயிட்டான், கரை சேந்துட்டான். எனக்கும் நெஞ்சுல இருந்தது எறங்கிருச்சு."

"ஐப்பசியில மறுக்கா வரணுமா?"

"அத நானும் ஒஞ்சித்தப்பனும் பாத்துக்கிறோம். பெத்தவன் நான் உசுரோட இருக்கேன்ல. ஒனக்கு இனி அதுல வேல இல்ல. ஒனக்கு எதுலயும் வேல இல்லடா. கேஸை ஒங்காத்தா மூடுவா. கதவ அவ பூட்டுவா. நீ சின்னப் பய. போ, போயி வெளையாடு."

அவன் எழுந்தான். ஆனால் போகவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விறைப்பாக நின்றான்.

"போடா."

"திரும்பிப் பாக்கக் கூடாதுல. அன்னைக்கு ஆத்துல வச்சு எல்லாரும் சொன்னாக. விட்டுட்டுத் திரும்பிப் பாத்தா அப்பா போகமாட்டாரு, நம்ம பின்னாடியே வந்துருவாருன்னு."

ஒரு வருசமாக அந்தப் பிள்ளை எதையெல்லாம் திரும்பிப் பார்க்காமல் நடந்திருக்கிறது! பாண்டீஸ்வரி எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். அவனைத் தாண்டி, மணலைத் தாண்டி, கட்டியிருந்த சேலையோடு தண்ணீருக்குள் நடந்தாள். முழங்காலளவு தண்ணீரில் சப்பென்று உட்கார்ந்தாள். ஒரு அலை வந்து கழுத்துவரைக்கும் நனைத்துவிட்டுப் போனது. "ஆத்தாடி!" என்று கத்திவிட்டாள். ரோகிணி சித்தப்பன் கையிலிருந்து நழுவி ஓடிவந்து அம்மாவின் மேல் விழுந்தாள்.

"மருதூ!" என்று கூப்பிட்டாள். "திரும்புடா! அம்மா சொல்றேன், திரும்பிப் பாரு!"

அவன் சீயான் முகத்தைப் பார்த்தான்.

"பாருடா" என்றார் மலையாண்டி. "பின்னாடி வந்தாத்தேன் என்ன? நம்ம முத்துப்பாண்டிதான? வரட்டும்."

அவன் மெதுவாகத் திரும்பினான். கடல், அதில் சேலையெல்லாம் நனைந்து, முடி அவிழ்ந்து, மண் ஒட்டி உட்கார்ந்திருக்கிற அம்மா, அவள் தலையில் கப்பால் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற தங்கச்சி. கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு நடந்தான். காய்ந்த மணல் முழுக்க நடந்துதான் போனான். ஈர மணல் வந்ததும் ஓடினான்.

"ஏ ரோகிணி, தள்ளுடி! நான் வாரேன்!"